பச்சைக் கோடும் 82 நாட்களும்: உத்தரவாதக் காலத்தில் பழுதான தொலைபேசியை யார் திருத்துவது?

இலங்கையின் கிழக்குக் கரையில், திருக்கோவிலில் இருக்கும் என் மாமி தையல் வேலை செய்பவர். கழுத்து வெட்டு, கையின் நீளம், துணியின் நிறம் எல்லாம் அவருக்கு வட்ஸ்அப் வழியாகத்தான் வந்து சேரும். அளவுகளைக் குரல் பதிவாக அனுப்புவார்கள். மாமி தையல் இயந்திரத்தின் பக்கத்தில் தொலைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு அதைக் கேட்டுக் கேட்டுத் துணி வெட்டுவார். கட்டாரில் வேலை செய்யும் மகனின் முகத்தைப் பார்ப்பதும் அதில்தான்.

பழையது ஓய்ந்துபோனதால், மாரி மழை தொடங்கிய ஒரு டிசம்பர் 4ஆம் திகதி, சீட்டு எடுத்த காசில் கல்முனைக் கடையொன்றில் 74,900 ரூபாவுக்குப் புதிய தொலைபேசி வாங்கினார். உத்தரவாதம் ஒரு வருடம். 36ஆவது நாள், ஜனவரி 9ஆம் திகதி காலையில், திரையின் மேலிருந்து கீழாக நூல் பிடித்ததுபோல ஒரு பச்சைக் கோடு விழுந்தது. மூன்று நாட்களில் திரையின் வலப்பாதி தொட்டாலும் அசையவில்லை.

அதைத் திருத்தித் தரவேண்டியவர் யார் என்ற கேள்வியோடு மாமியும் நானும் அலைந்த கதை இது. கடிதங்களை எழுதியவன் நான். அதனால் ஒவ்வொரு தாளும் என்னிடம் இருக்கிறது. எந்தக் கடை, எந்தக் கொம்பனி என்று சொல்லப்போவதில்லை. பெயரை மாற்றினால் எங்கள் கரையில் எந்தக் கடைத்தெருவுக்கும் பொருந்தக்கூடிய நிகழ்வு இது.

வாங்கிய நாள்

வாங்கும்போது நான் கூட இருந்தேன். கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்ற இளைஞர் பெட்டியில் அச்சிட்டிருந்த ஐபி54 என்ற எழுத்துகளைக் காட்டி, "மழையில் நனைந்தாலும் பயப்பட வேண்டாம் அக்கா" என்றார். மாமிக்கு அந்த ஒரு வசனம் போதுமாயிருந்தது. மாரிக்காலத்தில் வாங்குகிறவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த எண்ணின் பொருளைப் பிறகுதான் தேடிப் படித்தேன். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 4 என்றால் எந்தத் திசையிலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும் என்று அர்த்தம். நீரில் அமிழ்த்தினால் தாங்கும் என்று அர்த்தமில்லை. அதற்கு 7 வேண்டும், அதாவது ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம். பரிசோதனையும் நல்ல தண்ணீரில் நடப்பது. கடல் உப்புக்கும் களப்பு நீருக்கும் அது சான்று ஆகாது. இருந்தாலும் தூறலில் நடந்துபோவது தெறிக்கும் நீருக்குள் அடங்குவதுதானே. அந்த இளைஞர் சொன்ன வசனம் பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது.

பணம் கொடுத்த பிறகு இயந்திரத்திலிருந்து பில் வந்தது. அதன் அடியில் கடைக்காரர் ஒரு ரப்பர் முத்திரை குத்தினார்: "உத்தரவாதம் கொம்பனியைச் சார்ந்தது. கடை பொறுப்பல்ல." சுவரிலும் ஒரு அறிவிப்பு இருந்தது, விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று. நாங்கள் இரண்டையும் பார்த்தோம். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பில் அச்சாகியிருந்தது சூட்டில் கறுக்கும் வழுவழுப்பான தாளில். நீங்கள் எந்தக் கடையில் எதை வாங்கினாலும் அந்தத் தாளை அன்றைக்கே போட்டோப் பிரதி எடுத்துவிடுங்கள். மாமி அதைப் பணப்பையில் மடித்து வைத்திருந்தார். ஜனவரியில் எடுத்துப் பார்த்தபோது மடிப்பு விழுந்த இடத்தில் விலை மங்கிப்போய், 74 மட்டும் தெரிந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மீதி இலக்கங்கள் இலேசாகத் தெரிந்தன. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் அதுவும் தெரிந்திருக்காது.

மூன்று வாசல்கள்

ஜனவரி 13ஆம் திகதி, பொங்கலுக்கு முதல் நாள், கடையில் கொடுத்தோம். முதலாளி மரியாதையான மனிதர். "அக்கா, இது கொம்பனி வொரண்டி. நாங்கள் கொழும்புக்கு அனுப்பிவைப்போம். திருத்துவது அவர்கள் வேலை" என்றார். ஒரு துண்டுக் கடதாசியில் மாமியின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக்கொண்டார்.

எங்கள் பெரிய பிழை அங்கே நடந்தது. கையளிக்கும்போது தொலைபேசி எந்த நிலையில் இருந்தது என்று எழுதி வாங்கவில்லை. உடைவு இல்லை, கீறல் இல்லை, ஈரம் இல்லை, பச்சைக் கோடு மட்டும்தான் பழுது என்று நான்கு வரி, அதோடு ஐஎம்ஈஐ எனப்படும் 15 இலக்க அடையாள எண், திகதி, கடை முத்திரை. இவ்வளவும் ஒரு தாளில் இருந்திருந்தால் பிறகு வந்த தொல்லையில் பாதி இருந்திருக்காது. அந்த எண்ணைப் பார்க்க நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மறுபடி சதுரக் குறி என்று அழுத்தினால் போதும். கையளித்த பொருள் உங்கள் கையைவிட்டுப் போன பிறகு அதற்கு என்ன நேர்ந்தது என்று நிரூபிக்க உங்களிடம் அந்தத் தாளைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

பொங்கல் போயிற்று. தைப்பூசத்துக்கென்று கேட்டிருந்த சட்டைகளின் படங்கள் அந்தத் தொலைபேசியோடு கொழும்பில் இருந்தன. பெப்ரவரி 14ஆம் திகதி தொலைபேசி திரும்பி வந்தது. பச்சைக் கோடு அப்படியே இருந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிக்கை: திரவம் பட்டிருப்பதால் உத்தரவாதத்துக்கு உட்படாது, திரையை மாற்ற 31,400 ரூபா. அடியில் ஒரு சிறிய படம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி. மாமி ஆங்கிலம் வாசிக்கமாட்டார். "என்ன மனே எழுதியிருக்கிறார்கள்?" என்று கேட்டார். நான் வாசித்துச் சொன்னதும், "நான் தண்ணீரில் போட்டேன் என்று சொல்கிறார்களா?" என்றார். பணம் போகப்போகிறது என்பதைவிட, தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்கள் என்பதே அவருக்கு வலித்தது.

கொழும்புச் சேவை நிலையத்துக்கு அழைத்தேன். "கடையோடு பேசுங்கள், எங்களுக்குப் பொருளைத் தந்தது அவர்கள்" என்றார்கள். கடைக்குப் போனேன். "கொம்பனி மறுத்துவிட்டதே தம்பி, நான் என்ன செய்ய?" என்றார் முதலாளி. இறக்குமதிக் கொம்பனிக்கு அழைத்தேன். "சேவை நிலையத்தின் அறிக்கைதான் முடிவு" என்றார்கள். மூவரும் மரியாதையாகவே பேசினார்கள். மூவரும் அடுத்த வாசலைக் காட்டினார்கள்.

எந்த வாசலில் நிற்பது?

இதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. பலர் நினைப்பதைவிட நேரான விடை அது.

மாமி பணம் கொடுத்தது கல்முனைக் கடைக்கு. பில் எழுதியது அந்தக் கடை. விற்பனை ஒப்பந்தம் அவர்கள் இருவருக்கும் இடையிலானது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வியாபாரமாக ஒரு பொருளை விற்பவர், அது விற்பனைக்கேற்ற தரத்தில் இருக்கும் என்ற உறுதியைச் சொல்லாமலே கொடுக்கிறார் என்பது அதன் அடிப்படை. 39 நாட்களில் பாதித் திரை செத்துப்போகும் தொலைபேசியை அந்தத் தரத்தில் சேர்க்க முடியுமா? கொம்பனி தரும் உத்தரவாதச் சீட்டு இதற்கு மேல் வந்து சேரும் இரண்டாவது உறுதி. அது கூடுதல் பாதுகாப்பு. அந்தச் சீட்டைக் கையில் கொடுத்ததால் கடையின் சொந்த உறுதி இல்லாமல் போய்விடுவதில்லை.

ரப்பர் முத்திரையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டளைச் சட்டம், இரு தரப்பும் வேறுவிதமாக உடன்பட்டால் உடன்பாட்டுக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் பணத்தை வாங்கி மேசைக்குள் போட்ட பிறகு பில்லில் குத்தும் முத்திரையை உடன்பாடு என்று நான் ஏற்கமாட்டேன். விலை பேசும்போது அதை யாரும் மாமியிடம் சொல்லவில்லை. மாமி அதற்குச் சம்மதிக்கவும் இல்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இன்னும் தெளிவு. அதன் 13ஆம் பிரிவு, உற்பத்தியாளரோ வியாபாரியோ வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி முறைப்பாடு செய்யலாம் என்கிறது. விசாரணையில் முறைப்பாடு சரியென்று கண்டால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ சபை கட்டளையிடலாம். கட்டளையை மீறினால் அந்தத் தொகையை நீதவான் நீதிமன்றத்தின் ஊடாகத் தண்டப்பணம்போல அறவிட முடியும். வியாபாரி என்ற சொல்லுக்குள் சில்லறையாக விற்பவரும் அடங்குவார், மொத்தமாக விற்பவரும் அடங்குவார், விற்பனைக்காக இறக்குமதி செய்பவரும் அடங்குவார். ஆகவே கடையும் இறக்குமதிக் கொம்பனியும் பொறுப்பாளிகள்தான். முதலில் நிற்க வேண்டிய வாசல் கடை. இறக்குமதியாளரையும் அதே கடிதத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சேவை நிலையம் இறக்குமதியாளரின் கை மாதிரி. அவர்களோடு தொலைபேசியில் வாதாடி நான் செலவழித்த இரண்டு நாட்களும் வீண்.

சிவப்புப் புள்ளி

இந்த நிகழ்வின் உண்மையான சண்டை இந்தப் புள்ளியில்தான். தொலைபேசிகளுக்குள் உற்பத்தியாளர்கள் சின்னஞ்சிறு வெள்ளைத் தாள் ஒட்டிவைக்கிறார்கள். திரவம் நேரடியாகப் பட்டால் அது சிவப்பாகும். பெரும்பாலும் ஒன்று சிம் தட்டு நுழையும் துளைக்குள் தெரியும்படி இருக்கும்.

மாமியின் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து ஊசியால் சிம் தட்டை இழுத்து எடுத்தேன். மாமி டோர்ச் வெளிச்சத்தைப் பிடித்தார். துளையின் ஒரு பக்கச் சுவரில், அரிசிமணியின் பாதியளவு தாள். அதன் வெளி விளிம்பு மட்டும் இளஞ்சிவப்பு. உட்பக்கம் வெள்ளை. அறிக்கையில் இருந்த படத்தில் விளிம்பை மட்டும் நெருக்கிப் பிடித்திருந்ததால் முழுத் தாளும் சிவந்ததுபோலத் தெரிந்தது. அதே கோணத்தில் நாங்களும் படம் எடுத்தோம், முழுத் தாளும் தெரியும்படி.

கல்முனையில் எனக்குத் தெரிந்த திருத்துநர் ஒருவரிடம் கொண்டுபோகவும் எண்ணினேன். அவர் வாங்கவே மறுத்துவிட்டார். "நான் திறந்தால் உள்ளதும் போய்விடும், வெளியாள் கை பட்டது என்று எழுதிவிடுவார்கள்" என்றார். சரியான ஆலோசனை. உத்தரவாதக் காலத்தில் வேறு யாரும் திறக்க இடம் கொடுக்காதீர்கள், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

புள்ளி சிவப்பானால் என்ன நிரூபணமாகிறது? எப்போதோ அந்த இடத்தில் ஈரம் பட்டது என்பது மட்டும். அந்த ஈரம்தான் திரையைக் கெடுத்தது என்பது வேறு விடயம். பச்சைக் கோடு, திரையை உள்ளிருக்கும் பலகையோடு இணைக்கும் மெல்லிய பட்டையில் ஏற்படும் பழுதாலும் வரும். கீழே விழுந்தாலும் வரும், நனைந்தாலும் வரும். நனைந்து வந்ததென்றால் திரையின் இணைப்பில் அரிப்போ பச்சை படிந்த தடமோ இருக்க வேண்டும். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. திறந்து பார்த்தார்களா என்றுகூட எழுதவில்லை. உத்தரவாதத்திலிருந்து விலக்கு என்று சொல்பவர்தான் விலக்கைக் காட்ட வேண்டும். ஒரு புள்ளியின் படத்தை அனுப்பிவிட்டு 31,400 ரூபா கேட்பது நியாயம் ஆகாது.

அதற்கு மேல், மழையில் நனைந்தாலும் பயமில்லை என்று சொல்லி விற்ற பொருள் இது. தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று பெட்டியில் போட்டு விற்றுவிட்டு, துளை விளிம்பில் ஒரு துளி பட்டதைக் காட்டி உத்தரவாதத்தை மறுத்தால், எந்தப் பேச்சு உண்மை? பொருளின் தன்மையைப் பற்றி வியாபாரி பொய்யான கூற்றுச் சொல்வதையும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எங்கள் கடிதத்தில் இந்தப் பந்தியைத்தான் நான் அதிக நேரம் செலவழித்து எழுதினேன்.

நாட்களை எண்ணுதல்

13ஆம் பிரிவுக்குள் ஒரு கண்ணி இருக்கிறது. முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். டிசம்பர் 4ஆம் திகதி வாங்கியதற்கு மார்ச் 4ஆம் திகதிக்குள். தொலைபேசி கொழும்பில் கிடந்த நாட்களும் இந்தக் கணக்கில் ஓடும். ஒரு மாதத்துக்கு மேல் அங்கே கிடந்துவிட்டு, 72ஆவது நாள் எங்கள் கைக்கு வந்தது. கடைக்காரர், "இன்னொரு முறை அனுப்பிப் பார்ப்போம் அக்கா" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டு அனுப்பியிருந்தால் நாள் கடந்திருக்கும். ஒரு வருட உத்தரவாதச் சீட்டு கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பழுது வந்த அன்றே நாட்காட்டியில் இந்த மூன்று மாதத்தைக் குறித்து வையுங்கள்.

பெப்ரவரி 16ஆம் திகதி கடைக்கும் இறக்குமதிக் கொம்பனிக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஏழு நாள் தவணை. பதில் இல்லை. 24ஆம் திகதி, வாங்கிய 82ஆவது நாள், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுத்தோம். பில்லின் பிரதி, உத்தரவாதச் சீட்டு, ஆங்கில அறிக்கை, எங்கள் படம், தபால் பற்றுச்சீட்டு எல்லாம் இணைத்து. வழி கேட்க வேண்டுமென்றால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

முறைப்பாட்டுக்காக அம்பாறை நகருக்குப் போக மாமிக்குத் தயக்கம். அக்கரைப்பற்றில் பஸ் மாற வேண்டும், அது பரவாயில்லை. "அங்கே சிங்களத்தில் கேட்டால் நான் என்ன சொல்வேன்?" என்பதுதான் பயம். எங்கள் கரையோரத்தில் எத்தனையோ முறைப்பாடுகள் இந்தப் பயத்தோடு வீட்டிலேயே முடிந்துவிடுகின்றன. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின் பின் தமிழும் அரசகரும மொழி. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதினோம், பதிலும் தமிழில் வேண்டும் என்று கடைசி வரியில் கேட்டோம். விசாரணைக்கான அழைப்புக் கடிதம் தமிழில் வந்தது. மாமி அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார்.

விசாரணையும் பிறகும்

விசாரணை அரை மணித்தியாலத்துக்குள் முடிந்தது. கடை முதலாளி தானே வந்திருந்தார். இறக்குமதிக் கொம்பனி கடிதம் மட்டும் அனுப்பியிருந்தது, பழைய அறிக்கையையே திருப்பிச் சொல்லி. அதிகாரி தாள்களைப் புரட்டிவிட்டு முதலாளியிடம் கேட்ட முதல் கேள்வி: "பணத்தை வாங்கியது யார்?" "நான்தான் சேர்" என்றார் அவர். அடுத்த கேள்வி, திரையின் இணைப்பில் ஈரம் இருந்ததற்கு ஏதாவது தாள் இருக்கிறதா என்பது. இல்லை.

முதலாளி கட்டளை வரும்வரை காத்திருக்கவில்லை. அதே மாதிரியில் புதிய தொலைபேசியை 14 நாட்களுக்குள் தருவதாக எழுதிக் கையொப்பமிட்டார். 11ஆவது நாள் தந்தார். மாமி பெட்டியைத் திறக்கும் முன்னே நான் ஐஎம்ஈஐ என்று எழுதி, இடைவெளி விட்டு 15 இலக்க எண்ணையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இந்த முறை முத்திரை குத்த அவர் கை போகவில்லை.

இழந்த ஓடர்களுக்கு நட்டஈடு கேட்கவில்லை. சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. எத்தனை சட்டை, என்ன கூலி என்று காட்ட எங்களிடம் எழுத்தில் எதுவும் இருக்கவில்லை. இது இன்றும் எனக்குக் குறைதான். மாமி இப்போது ஒரு கொப்பியில் ஓடர்களை எழுதி வருகிறார்.

புதியதை வாங்கிக்கொண்டு கடையிலிருந்து வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது முதலாளி எங்களிடம் வந்தார். 74,900 ரூபாப் பொருளுக்குப் பதில் இன்னொன்று கொடுத்தாகிவிட்டது. பழைய தொலைபேசி அவர் கையில் இருந்தது. அவருக்கு அதை விற்றது இறக்குமதிக் கொம்பனி, அவர் பணம் கொடுத்தது அவர்களுக்கு. மாமி அவரிடம் கேட்டதை அவர் அவர்களிடம் கேட்க வேண்டும். சின்னக் கடைகள் பல இதைக் கேட்பதில்லை. அடுத்த தொகுதியை அனுப்பாமல் விட்டுவிடுவார்களோ என்ற அச்சம். அதனால்தான் பில்லின் அடியில் முத்திரை குத்தி வாடிக்கையாளரைத் தள்ளிவிடுகிறார்கள்.

"தம்பி, அக்காவுக்கு எழுதிய மாதிரி எனக்கும் ஒரு கடிதம் எழுதித் தருவீர்களா?" என்று கேட்டார்.

"தருகிறேன் காக்கா" என்றேன். அன்றிரவே எழுதினேன். பச்சைக் கோட்டின் படம், சிம் துளையின் படம், அவர் கொழும்பில் வாங்கியதற்கான விலைப்பட்டியல் மூன்றையும் இணைத்து மறுநாள் கல்முனைத் தபாலகத்தில் பதிவுத் தபாலில் போட்டார். இதை எழுதும் இன்றுவரை அவருக்குப் பதில் வரவில்லை. இரண்டாவது கடிதத்தை நாளை எழுதுகிறோம்.